அரசியல் புரட்சியா பொருளாதாரப் புரட்சியா, எது திரும்பிப் போகாம நிக்குது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: பிரெஞ்சுப் புரட்சி, ரஷ்யப் புரட்சி மாதிரி அரசியல் புரட்சிகளையும் தொழிற்புரட்சி மாதிரி பொருளாதார மாற்றங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எது சமூகத்தை நிரந்தரமா மாத்துச்சு, நம்ம மதுரைப் பக்கத்துல இதுக்கு உதாரணம் இருக்கா, 1991-ஐ புரட்சின்னு எழுதலாமான்னு. மூணுமே நல்ல கேள்வி. நான் காலேஜ்ல வரலாறு எடுத்தவன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

கைடு புக்குல நடுவுல ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் அஞ்சு பாயிண்ட் அந்தப் பக்கம் அஞ்சு பாயிண்ட்னு எழுதியிருப்பாங்க, அதை அப்படியே எழுதுனா மார்க் வரும், ஆனா விஷயம் புரியாது. நான் பசங்களுக்குச் சொல்ற அளவுகோல் வேற. ஒரு புரட்சியில தோத்த தரப்பு எப்பவாவது ஒரு நாள் திரும்ப ஜெயிச்சு வரும், அநேகமா எல்லா இடத்துலயும் வந்திருக்கு. அப்படி வந்தப்ப எதைத் திரும்ப எடுத்துக்க முடிஞ்சது, எதைத் தொடவே முடியலன்னு பாருங்க. தொட முடியாம போனதுதான் நிலைச்ச தாக்கம். மத்ததெல்லாம் அந்தக் காலத்துச் செய்தி.

பிரான்ஸையே எடுத்துக்குவோம். 1789 ஆகஸ்ட் 4 ராத்திரி சபையில பிரபுக்களோட பழைய உரிமை, சலுகையெல்லாம் ஒழிக்கிறோம்னு தீர்மானம் போட்டாங்க. அந்த வருஷக் கடைசியில சர்ச் நிலத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு ஏலம் விட ஆரம்பிச்சது, அப்புறம் நாட்டை விட்டு ஓடுன பிரபுக்களோட நிலமும் ஏலத்துக்கு வந்துச்சு. 1793-ல ராஜா தலை போச்சு. நெப்போலியன் வந்தாரு போனாரு. 1814-ல பாத்தா தலை போன ராஜாவோட சொந்தத் தம்பி சிம்மாசனத்துல உக்காந்திருக்காரு! அரசியலா மட்டும் பாத்தா இவ்வளவு ரத்தம் சிந்தி கிளம்புன இடத்துக்கே வந்து நின்ன மாதிரி இருக்கும். ஆனா அந்த ராஜா 1814-ல கொடுத்த சாசனத்துலயே, ஏலத்துல வித்த நிலம் வாங்குனவங்களுக்கே சொந்தம், அதுல கை வைக்க மாட்டோம்னு எழுதித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. 1825-ல ஓடிப்போன பிரபுக்களுக்கு கிட்டத்தட்ட 100 கோடி பிராங்க் இழப்பீடா ஒதுக்குனாங்க, பணமாத்தான் கொடுக்க முடிஞ்சது, நிலத்தைத் திருப்பிக் கொடுக்க முடியல. அடுத்த வருஷம் 1826-ல, எல்லாப் பிள்ளைக்கும் சமபங்குங்கிற புரட்சிக்காலச் சட்டத்தை மாத்தி மூத்த மகனுக்குக் கூடுதல் பங்குன்னு கொண்டு வரப் பாத்தாங்க, பிரபுக்களே உக்காந்திருந்த மேல்சபையில அது தோத்துப்போச்சு.

ஆக ராஜாவைத் திரும்பக் கொண்டு வர முடிஞ்சது, பட்டாவை மாத்த முடியல, பங்கை மாத்த முடியல. அரசியல் புரட்சியில நிலைச்சது எதுன்னு பாத்தா அது சனங்க கைக்குச் சொத்தாப் போய்ச் சேர்ந்த பகுதிதான். இன்னொன்னையும் சேத்துச் சொல்லணும், ஏலத்துல பெரும்பகுதி நிலத்தை எடுத்தது டவுன்ல காசு வச்சிருந்தவங்களும் ஓரளவு வசதியான சம்சாரிகளும்தான், நிலமே இல்லாத கூலிக்காரனுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் கிடைச்சது. சுதந்திரம் சமத்துவம்னு முழங்குன அதே ஆட்சி 1791-ல தொழிலாளிங்க சங்கம் வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு, பிரான்ஸ்ல சங்கம் முழுசா சட்டபூர்வமா ஆனது 1884-ல. பொம்பளைங்களுக்கு ஓட்டு 1944-ல.

இந்த இடத்துல பிரான்ஸோட காலனியையும் பாக்கணும், இதை நம்ம பாடப்புத்தகத்துல ரெண்டு வரியில முடிச்சிருவாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். 1794-ல பாரிஸ்ல அடிமைமுறை ஒழிப்புத் தீர்மானம் போட்டாங்க. 1802-ல நெப்போலியன் அதை ரத்து பண்ணி அடிமைமுறையத் திரும்பக் கொண்டு வந்தாரு. கரீபியன் கடல்ல இருக்கிற குவாடலூப் தீவுல அது நடந்துருச்சு, விடுதலையாகி எட்டு வருஷம் வாழ்ந்த சனங்களைத் திரும்பச் சங்கிலியில கட்டுனாங்க, மறுபடி விடுதலை கிடைக்க 1848 வரைக்கும் ஆச்சு. ஹைட்டியில மட்டும் முடியல, ஏன்னா அங்க அந்தச் சனங்களே ஆயுதம் தூக்கிச் சண்டை போட்டு வாங்குன விடுதலை, நெப்போலியன் அனுப்புன படையையே தோக்கடிச்சு 1804-ல தனி நாடே ஆயிட்டாங்க. ரெண்டு தீவுக்கும் ஒரே சட்டம்தான் தம்பி, காகிதத்துல வந்தது காகிதத்துலயே போச்சு, மத்தது நின்னுச்சு.

ஆனா அந்த ஹைட்டியையும் விடல. முன்னாடி சொன்னேனே 1825, அதே வருஷம் 1814 ராஜாவுக்கு அப்புறம் பட்டத்துக்கு வந்த அவரு தம்பி பத்தாம் சார்லஸ் போர்க்கப்பலை அனுப்பி, தோட்ட முதலாளிகளுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க் கட்டுனாத்தான் உன்னை நாடா ஏத்துக்குவேன்னான். அடிமையா இருந்தவன் தன்னை விடுவிச்சுக்கிட்டதுக்கு முதலாளிக்கு நஷ்ட ஈடு! பின்னாடி அதை 9 கோடியா குறைச்சாலும் அதுக்காக வாங்குன கடனும் வட்டியும் தலைமுறை தலைமுறையா அந்த நாட்டை நசுக்குச்சு. உலகத்துலயே முழுமையான அரசியல் புரட்சி அதுதான்னு நான் நினைக்கிறேன், பொருளாதாரக் கயிறு கழுத்துல கிடந்ததால அதோட பலனைச் சனங்க அனுபவிக்க முடியாம போச்சு.

சரி, பொருளாதாரப் பக்கம் வருவோம். இங்கிலாந்துல தொழிற்புரட்சிக்கு யாரும் தேதி குறிக்கல, கோட்டையப் பிடிக்கல. நீராவி இயந்திரமும் நூற்பு ஆலையும் வந்து, 1851 கணக்கெடுப்புல பாத்தா நாட்டுல பாதிக்கு மேல டவுன்ல குடியிருந்தாங்க. குடும்பம், வேலை நேரம், கல்யாண வயசு, பக்கத்து வீட்டுக்காரன் யாருங்கிறது வரைக்கும் எல்லாம் மாறிப்போச்சு, இதைத் திருப்பி வைக்க எந்த ராஜாவாலயும் முடியாது. இந்த ஆழம் அரசியல் புரட்சிக்குக் கிடையாது, அதை நான் முழுசா ஒத்துக்கிறேன். ஆனா அந்த மில்லுக்குள்ள யாரு இருந்தா? சின்னப் பிள்ளைங்க. 1833-ல வந்த சட்டம்தான் நெசவாலையில 9 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லி, அதைப் பாக்க இன்ஸ்பெக்டரும் போட்டுச்சு. 1842-ல சுரங்கத்துக்குள்ள பொம்பளைங்களும் 10 வயசுக்குக் கீழ உள்ள பசங்களும் இறங்கக் கூடாதுன்னாங்க, 1847-ல பொம்பளைங்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேர வேலை. இதெல்லாம் இயந்திரம் கொடுத்ததில்ல, கூட்டம் போட்டு மனு கொடுத்து ஜெயிலுக்குப் போய் வாங்குனது. தொழிலாளிங்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடுன சாசன இயக்கக்காரங்க (சார்ட்டிஸ்டுகள்) 1838-ல வச்ச ஆறு கோரிக்கையையும் பார்லிமெண்ட் தூக்கி எறிஞ்சுச்சு, 1848-ல இயக்கமே அடங்கிப்போச்சு, தோத்துட்டாங்கன்னுதான் எழுதுவாங்க. ஆனா ரகசிய ஓட்டு 1872, எம்.பி.க்குச் சம்பளம் 1911, எல்லா ஆம்பளைக்கும் ஓட்டு 1918-னு ஆறுல அஞ்சு பின்னாடி சட்டமாயிருச்சு.

என் கருத்து இதுதான்: பொருளாதார மாற்றம் நிச்சயமா நிலைக்கும், யாருக்கு நல்லதா நிலைக்கும்ங்கிறதை அது முடிவு பண்ணாது. அரசியல் மாற்றம் அதை முடிவு பண்ணும், ஆனா அது நிலைக்கணும்னா சாதாரணச் சனங்களோட பொழைப்புக்குள்ள இறங்கணும்.

இதை நம்ம ஊர்ல வச்சுப் பாத்தா இன்னும் நல்லாப் புரியும்.

மதுரை ஜில்லாவோட பெரிய பொருளாதாரப் புரட்சின்னா 1895-தான், பெரியாறு அணை தண்ணி வந்தது. தாது வருஷப் பஞ்சத்துல (1876-78) சனங்க கொத்துக் கொத்தா செத்த பூமி இது. மேற்க போற ஆத்தைத் தடுத்து, மலையக் குடைஞ்சு, கம்பம் பள்ளத்தாக்கு வழியா வைகையில விட்டு, பேரணையில இருந்து கால்வாய் வெட்டி மேலூர் வரைக்கும் கொண்டு வந்தாங்க. மானத்தைப் பாத்துக் கிடந்த கம்மாய்ப் பாசன ஊரெல்லாம் நெல்லு விளையிற நஞ்சை ஆச்சு. கம்பம், தேனிப் பக்கம் இன்னைக்கும் வீட்டுல அணையக் கட்டுன இன்ஜினியர் பென்னிகுயிக் படம் மாட்டியிருப்பாங்க, தை மாசம் அவரு பேர்ல பொங்கல் வைப்பாங்க. வெள்ளைக்கார ஆட்சி 1947-ல போச்சு, மடை திறந்து வர்ற தண்ணி போகல. என் அளவுகோல்படி இதைவிட நிலைச்ச மாற்றம் இந்தப் பக்கத்துல இல்ல.

ஆனா அந்தத் தண்ணி பட்டா இருந்தவன் வயலுக்குத்தான் பாஞ்சது. வயல்ல நாத்து நட்டவங்களுக்கு வேலை நாள் கூடுச்சு, நிலம் வரல. ஊருக்குள்ள யாரு எந்தத் தெருவுல இருக்கணும், டீக்கடையில யாருக்கு எந்த டம்ளர்னு இருந்த கணக்கை தண்ணி தொடவே இல்ல, சொல்லப்போனா நஞ்சைக்காரன் கை இன்னும் பலமாச்சு.

இன்னும் வேதனையான ஒன்னு இருக்கு. உசிலம்பட்டிப் பக்கம் பொண்ணு எடுக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் பரிசம் போடுற வழக்கம் இருந்துச்சு. பாசனமும் பணப்பயிரும் பரவி கையில ரொக்கம் புழங்க ஆரம்பிச்சதும், நிலம் வச்சிருக்கிற மாப்பிள்ளை, சர்க்கார் வேலை மாப்பிள்ளைன்னு விலை ஏறி பரிசம் மறைஞ்சு வரதட்சணை வந்துச்சு, பொம்பளைப் பிள்ளை பொறந்தா கடன்னு ஆச்சுன்னு அந்த வட்டாரத்தை ஆராய்ச்சி பண்ணவங்க பலர் சொல்றாங்க. 1980-கள்ல பெண் சிசுக்கொலைச் செய்தி வெளிய வந்து நாடே அதிர்ந்துச்சே, 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்துச்சே, அதுக்குப் பின்னாடி வறுமை மட்டும் இல்ல தம்பி, புதுசா வந்த பணமும் இருந்துச்சு. வளர்ச்சி வந்தா பழைய கொடுமை தானாப் போயிரும்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அரசியல் பக்கம் நம்ம ஊர்ல பெருசுன்னா 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர் தலைமையில கக்கன் உட்பட சிலர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள போனாங்க, அதுவரைக்கும் அந்த வாசல் ஒடுக்கப்பட்ட சனங்களுக்கும் நாடார்களுக்கும் அடைச்சே இருந்துச்சு. ராஜாஜி அரசாங்கம் உடனே சட்டப் பாதுகாப்பு கொடுத்துச்சு. பட்டர்கள்ல சிலர் கோவிச்சுக்கிட்டு வெளியில தனியா பூஜை நடத்திப் பாத்தாங்க, கேஸ் போட்டாங்க, ஒன்னும் நடக்கல, அந்த வாசலைத் திரும்ப அடைக்க முடியல. இதே சட்டம்தான் கிராமத்துக்கும். பேரையூர்ப் பக்கம் உத்தப்புரத்துல சுவரு கட்டிப் பிரிச்சு வச்சிருந்தாங்க, 2008 மே மாசம்தான் அதுல ஒரு பகுதிய இடிச்சுப் பாதை விட்டாங்க, அந்த ஊர்க் கோயிலுக்குள்ள தலித் சனங்க போனது 2011-ல. மதுரையில இருந்து பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போற ஊரு அது, 72 வருஷம் ஆயிருக்கு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, டவுன்ல ஒருத்தன் கோயிலுக்குள்ள போனதுக்காக இன்னொருத்தன் அவன் சோத்துல மண்ணள்ளிப் போட முடியாது. மதுரையில அப்பவே ரயில்வே இருக்கு, ஸ்டேஷன் பக்கத்துலயே ஹார்வி மில் இருக்கு, 1918-லயே அங்க ஸ்ட்ரைக் நடந்திருக்கு. மாசச் சம்பளம் வாங்குறவன் சாயங்காலம் சங்கு ஊதுனதும் தன் பாட்டுக்கு வெளிய வர்றான். கிராமத்துல அப்படியில்ல, வேலை, கைமாத்துக் கடன், மாடு மேயிற இடம், மளிகைச் சாமான் வரைக்கும் ஒரே தெருவுக்காரங்க கையில இருந்தா சட்டத்தைக் காட்டி என்ன பண்றது.

பஞ்சாயத்துக் கதையும் இதேதான். பஞ்சாயத்துத் தேர்தலையும் இட ஒதுக்கீட்டையும் கட்டாயமாக்குன 73-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து 1996-ல தேர்தல் அறிவிச்சாங்க. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் தலைவர் பதவி தலித்துகளுக்குன்னு ரிசர்வ் ஆனதும் ஒன்னு யாரும் மனு போட மாட்டாங்க, இல்லன்னா ஜெயிச்ச கையோட ராஜினாமா பண்ண வைப்பாங்க, பத்து வருஷம் இப்படியே ஓடி 2006-லதான் தலைவர்கள் நாற்காலியில உக்காந்தாங்க. மேலூர்ப் பக்கம் மேலவளவுல முருகேசன் பின்வாங்கல, நின்னு ஜெயிச்சு தலைவர் ஆனாரு, 1997 ஜூன் 30 அன்னைக்கு அவரையும் கூட இருந்தவங்களையும் வழிமறிச்சு வெட்டிக் கொன்னாங்க. நான் பொருளாதாரம் பொருளாதாரம்னு பேசுறேன், ஆனா முருகேசன் மாதிரி ஆளுங்களோட துணிச்சலை வயித்துப்பாட்டுக் கணக்குல அடைக்க முடியாது. கையில ஒரு பலமும் இல்லாம சட்டம் கொடுத்த உரிமைய மட்டும் நம்பி நின்ன மனுஷன், அவரை மாதிரி ஆளுங்க நின்னதாலதான் பின்னாடி வந்தவங்களுக்கு அந்த நாற்காலி கிடைச்சது.

அதே நேரம் நாலாபக்கமும் பிடி தளந்ததும் உண்மை. ரேஷன் அரிசி 2008-ல கிலோ ஒரு ரூபாய் ஆச்சு, 2011-ல இலவசம் ஆச்சு, நூறு நாள் வேலை வந்துச்சு, திருப்பூர் போனா பனியன் கம்பெனி, மதுரைக்கு வந்தா கட்டட வேலை. நாளைக்கு இவன் வயலுக்குப் போகலன்னா அடுப்பு எரியாதுங்கிற பயம் போனப்பதான் நிறைய ஊர்ல ரெட்டை டம்ளர் போச்சு, யாரும் போராடாம கூட போச்சு, அந்த டீக்கடைக்கே போக வேண்டிய அவசியம் இல்லாம போனதால போச்சு. இந்த ரேஷனையும் நூறு நாளையும் எதுல சேப்பீங்க? ஓட்டு அரசியல்ல பொறந்து பொழைப்புக்குள்ள இறங்குனது, ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம். கோடு போட்டுப் பிரிக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்லாததுக்கு இது ஒரு காரணம்.

உரிமை வந்தும் கைக்கு வராத இடம் ஒன்னு இன்னைக்கும் இருக்கு, பத்திர ஆபீஸ். பரம்பரைச் சொத்துல மகளுக்கும் சமபங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்தாச்சு, மத்திய சட்டம் 2005. முகூர்த்த நாள்ல ஏதாவது ஒரு சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல போய் நில்லுங்க. அண்ணன் தம்பி முன்னாடி நிப்பாங்க, அக்கா தங்கச்சி ஓரமா பெஞ்சுல உக்காந்திருப்பாங்க, உள்ள கூப்பிட்டதும் போய் போட்டோ எடுத்து விரல் வச்சு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வருவாங்க. எனக்குச் சீர் செனத்தியெல்லாம் ஏற்கனவே செஞ்சுட்டதால என் பாகத்தை விட்டுக்கொடுக்கிறேன்னு எழுதியிருக்கும். எங்க ஒன்னுவிட்ட அக்கா ஒருத்தங்க போட்டுட்டு வந்தப்ப ஏன்க்கா போட்டீங்கன்னு கேட்டேன். "நாளைக்கு எம்மக சடங்குக்கு தாய்மாமன் வந்து நிக்கணும்ல" அப்படின்னாங்க. பிரான்ஸ்ல 1826-ல பிரபுக்களாலயே அசைக்க முடியாம போன சமபங்கை இங்க ஒரு தாய்மாமன் சீரு அசைக்குது. புருஷன் கைவிட்டாலும் தன் சம்பாத்தியத்துல நிக்க முடியும்னு இருக்கிற பொண்ணுங்க இப்ப கையெழுத்துப் போட யோசிக்கிறாங்க, கோர்ட்டுக்கும் போறாங்க, அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியுது.

ரஷ்யாவைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். 1917-ல கட்டுன ஆட்சி 1991-ல கலைஞ்சது, அரசாங்கத்துக்கிட்ட இருந்த ஆலையெல்லாம் கொஞ்ச வருஷத்துல சிலபேர் கைக்குப் போச்சு. ஆலை உன்னோடதுன்னு தொழிலாளிகிட்டச் சொன்னாங்களே தவிர அவன் கையில எப்பவுமே கொடுக்கல, அதனால எடுத்தப்ப அவனால தடுக்க முடியல. 1932-33 பஞ்சத்துல லட்சக்கணக்குல செத்தாங்க, அந்தக் கணக்கையும் மறைக்கக் கூடாது. ஆனா 1897-ல அஞ்சுல ஒருத்தருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிஞ்ச நாட்டுல 1939-ல பத்துல எட்டுப் பேருக்கு மேல படிச்சிருந்தாங்க. அந்த எழுத்தறிவை எந்த ஆட்சி மாற்றமும் திரும்ப எடுத்துக்க முடியல.

கடைசியா 1991. ஜூலை மாசம் மன்மோகன் சிங் பட்ஜெட், லைசன்ஸ் முறையத் தளர்த்துனது, இறக்குமதி வரியக் குறைச்சது, இதையெல்லாம் புரட்சின்னு எழுதலாமான்னு கேட்டீங்க. பரீட்சையில பொருளாதாரச் சீர்திருத்தம்னே எழுதுங்க. மாற்றம் பெருசுதான், மதுரைப் பொண்ணுங்க சென்னை, பெங்களூர்ல ஹாஸ்டல் எடுத்துத் தங்கி வேலை பாக்கிறதை எங்க அம்மா காலத்துல நினைச்சே பாத்திருக்க மாட்டாங்க. ஆனா அதே காலத்துலதான் மேற்கு மாவட்ட நூல்மில்லுகளுக்கு நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து பொண்ணுங்களை சுமங்கலித் திட்டம்னு கூட்டிட்டுப் போனாங்க. மூணு வருஷம் மில் ஹாஸ்டலை விட்டு வெளிய விடாம வேலை வாங்கி, முடிவுல கல்யாணத்துக்குன்னு மொத்தமா ஒரு தொகை, இடையில நின்னா பல பேருக்கு அதுவும் இல்ல. தொழிற்புரட்சியில பாத்த அதே கதை, மில்லும் வந்துச்சு வரதட்சணையும் கூடவே இருந்துச்சு.

என் அளவுகோலை இதுக்கு வச்சா 2020 மார்ச்சுலயே பதில் கிடைச்சிருச்சு. ஊரடங்கு போட்டதும் கான்ட்ராக்ட்ல இருந்தவனுக்கு ஒரே ராத்திரியில சம்பளம் நின்னுச்சு, பி.எஃப். இல்ல, ஈ.எஸ்.ஐ. இல்ல, முப்பது வருஷத்துல கிடைச்சதுன்னு நினைச்சதை யாரும் சண்டை போட்டுப் பிடுங்கல, அது அவன் பேர்ல எழுதப்படவே இல்ல. திருப்பூர்ல இருந்தும் சென்னையில இருந்தும் ஊருக்கு வந்தவங்களுக்கு அந்த மாசம் அடுப்பு எரிஞ்சது ரேஷன் கார்டுல. அடுத்த பத்து இருபது வருஷத்துல கான்ட்ராக்ட் தொழிலாளிக்குன்னு யாராலயும் பிடுங்க முடியாத ஒரு உரிமைய சங்கமோ சட்டமோ வாங்கிக் கொடுத்தா அப்ப 1991-ஐ தொழிற்புரட்சியோட பக்கத்துல வச்சு எழுதலாம், இன்னைக்கு நான் வைக்க மாட்டேன்.